முன்கண்ணாடிச் சிட்டையை நம்பி இஞ்சினைக் கெடுக்காதீர்கள்

எங்கள் ஊரில் இஞ்சின் எண்ணெய்க்குக் கறுப்பு எண்ணெய் என்றே பெயர். மலாய்க்காரர்களின் 'மின்யாக் ஹீத்தாம்' நம் வாயில் அப்படியே தமிழாகிவிட்டது. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் பிக்கப் வைத்திருப்பவரிடம் எண்ணெய் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அடுத்து எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று எழுதி முன்கண்ணாடி மூலையில் ஒட்டியிருக்கும் சிட்டையை விரல் உடனே காட்டும். "இன்னும் நாலாயிரம் கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது அண்ணே" என்று பதில் வரும். நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக டீசல் இஞ்சின்களைப் பிரித்துப் பூட்டி வருகிறேன். அந்த நாலாயிரத்தை நம்பியிருந்து கெட்டுப்போன இஞ்சின்கள் நிறையவே என் பட்டறைக்கு வந்திருக்கின்றன.

இந்த நாட்டில் விற்கும் பெரும்பாலான டீசல் பிக்கப்புகளுக்கு, வண்டியோடு வரும் கையேட்டின்படி எண்ணெய் மாற்ற 10,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. ஈப்போவுக்கு நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய்த் திரும்பும் வண்டிக்கு இது போதும். அப்படிப்பட்ட வண்டிக்கு 3,000 கிலோமீட்டரில் எண்ணெயைக் கொட்டுவது வீண் செலவு. ஆனால் அதே கையேட்டில் கடினப் பயன்பாடு என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். தூசி நிறைந்த பாதை, பாரம், நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஓடும் இஞ்சின் என்று அதில் எழுதியிருப்பதைப் படித்தால், நம் தோட்டங்களை நேரில் பார்த்துவிட்டு எழுதியதைப் போல இருக்கும். அந்தப் பகுதியைத்தான் யாரும் திறப்பதில்லை.

லிந்தாங் பக்கம் சிறு தோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை ஏற்றும் ஒருவரின் வண்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறார். மாதத்தில் 26 நாள் வேலை. ஆறு மாதத்துக்கு 3,120 கிலோமீட்டர். சிட்டையின்படி எண்ணெய் இன்னும் புதியது! ஆனால் குலை ஏற்றும்போதும் எடைபோடும் வரிசையில் நிற்கும்போதும் குளிர்சாதனத்துக்காக இஞ்சினை அணைக்காமல் வைத்திருக்கிறார். நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றாலும் ஆறு மாதத்தில் 312 மணி நேரம். நின்றபடி ஒரு மணி நேரம் ஓடினால் 40 கிலோமீட்டர் ஓடியதற்குச் சமம் என்பது தொழிலில் வழங்கும் உத்தேசக் கணக்கு. 312 மணிக்கு 12,480 கிலோமீட்டர். ஓடியதையும் சேர்த்தால் 15,600. அந்த எண்ணெயின் ஆயுள் நான்காவது மாதமே முடிந்துவிட்டது. செம்மண் தூசியும் பாரமும் சேர்வதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.

இப்படி மணிக்கணக்கு வைத்துக்கொள்ள முடியாதவர்கள் தோட்டத்து வேலைக்கு 5,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மூன்று, நான்கு மாதம் ஆகிவிட்டால் மாதத்தையே பாருங்கள்.

நின்றபடி ஓடும்போது அப்படி என்னதான் நடக்கிறது? இஞ்சின் போதிய சூடேறாததால் டீசல் முழுதாக எரிவதில்லை. எரியாத டீசலும் கரியும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்குகின்றன. நம் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளும் கலந்திருக்கிறது. பி10 என்றால் நூற்றுக்குப் பத்துப் பங்கு. சாதாரண டீசலின் இலேசான பகுதி எண்ணெய் சூடாகும்போது ஓரளவு ஆவியாகிப் போய்விடும். செம்பனைப் பங்கு அவ்வளவு எளிதில் ஆவியாகாது. உள்ளேயே தங்கி எண்ணெயை நீர்க்கச் செய்துவிடும். இதைச் சொல்லிச் செம்பனை டீசலைக் குறை கூறவில்லை, இங்கே பலருக்குச் சோறு போடுவதே அந்த மரம்தான். மாற்றும் நாளைத் தள்ளிப்போட முடியாததற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறேன்.

அடுத்த தவறு, நிறத்தைப் பார்த்து முடிவு செய்வது. டீசல் இஞ்சினில் புதிய எண்ணெய் ஊற்றி இரண்டு நாள் ஓட்டினாலே கறுத்துவிடும். எண்ணெய் கரியைத் தன்னோடு கட்டி வைத்து, இஞ்சினில் படியாமல் பார்த்துக்கொள்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கறுத்துவிட்டதே என்று பயப்படவும் வேண்டாம். எண்ணெய் அளவு பார்க்கும் அளவுகோலில் கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறதே என்று நாளைத் தள்ளவும் வேண்டாம். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால்தான் ஆபத்து. அது தண்ணீர் கலந்ததன் அறிகுறி. வெள்ளத்தில் இறங்கிய வண்டியானால், இஞ்சினை முடுக்காமல் பட்டறைக்கு இழுத்து வாருங்கள்.

இப்போது எனக்கு மனவருத்தம் தந்த ஒரு விஷயம். எண்ணெய் வடிகட்டி மாற்றும்போதெல்லாம் அதன் வயிற்றில் வெள்ளை மையால் தேதியும் கிலோமீட்டரும் எழுதுவது என் வழக்கம். ஒருநாள் ஒரு தம்பி வண்டியைக் கொண்டுவந்தார். இடையில் வேறொரு பட்டறையில் இரண்டு முறை எண்ணெய் மாற்றியதாகச் சொன்னார், சிட்டையும் இருந்தது. அடியில் படுத்துப் பார்த்தேன். வடிகட்டியில் என் கையெழுத்து அப்படியே இருந்தது, ஒன்றரை வருடத்துக்கு முந்தைய தேதி. கழற்றி வெட்டித் திறந்தபோது உள்ளிருந்த தாள் மடிப்புகள் காய்ச்சிய கருப்பட்டிப் பாகைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. வடிகட்டி அடைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் மாற்றுவழி வால்வு திறந்துகொள்ளும். வடிகட்டப்படாத எண்ணெய் நேராக பேரிங்குகளுக்குப் போகும். புது எண்ணெய்க்குக் கொடுத்த காசு அத்தனையும் பாழ். எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் வடிகட்டியும் மாறியாக வேண்டும், வடிகுழாய் ஆணியின் வாசரும் மாற வேண்டும். கழற்றிய பழைய வடிகட்டியைக் கையில் கொடுங்கள் என்று போர்மேனிடம் கேளுங்கள். அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, அது உங்கள் உரிமை.

காற்று வடிகட்டியும் இந்தக் கணக்கில் சேரும். வறண்ட மாதங்களில் தோட்டத்துப் பாதையில் முன்னால் ஒரு லோரி போனால் பின்னால் வரும் வண்டியே தெரியாது. அந்தத் தூசியில் மணல்பொடி இருக்கிறது. கிழிந்த வடிகட்டி வழியே அது உள்ளே போனால் சிலிண்டர் சுவரை உப்புத்தாள் போல உரசித் தேய்க்கும். எவ்வளவு நல்ல எண்ணெயும் அதைத் தடுக்காது.

எந்த எண்ணெய் ஊற்றுவது என்பதில்தான் அதிகக் குழப்பம். விலையை விட்டுவிட்டுக் கலனின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தரத்தில் எஸ் என்று தொடங்குவது பெட்ரோல் இஞ்சினுக்கு, சி என்று தொடங்குவது டீசலுக்கு. சிஐ-4, சிகே-4 எல்லாம் அப்படித்தான். பழைய இஞ்சின்களுக்கு 15டபிள்யூ-40 என்ற தடிப்பு எண் உள்ள எண்ணெய் பெரும்பாலும் பொருந்தும். புகைக்குழாயில் கரி வடிகட்டி உள்ள புதிய வண்டிகளுக்குச் எரியும்போது சாம்பல் குறைவாக விடும் எண்ணெய் தேவை. அது இல்லாததை ஊற்றினால் கரி வடிகட்டி சாம்பலால் நிரம்பிவிடும், மாற்றுவதற்குப் பல ஆயிரம் ரிங்கிட் ஆகும். எது சரி என்பது உங்கள் கையேட்டில் இருக்கிறது. கடைக்காரர் சொல்வதையும் என் சொல்லையும் அதற்குப் பிறகு கேளுங்கள்.

எண்ணெய் அளவைச் சரிவில் நிறுத்திப் பார்ப்பவர்கள் உண்டு. சமதரையில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். குறைந்தால் கவலைப்படுகிறோம், கூடினால் மகிழ்ந்துவிடுகிறோம். எதுவும் ஊற்றாமலே அளவு மேல்கோட்டைத் தாண்டி ஏறினால் உள்ளே டீசல் இறங்குகிறது என்று பொருள். கரி வடிகட்டி உள்ள வண்டிகளில் இது அதிகம். அதைச் சுத்தம் செய்வதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சும் டீசலில் ஒரு பகுதி எண்ணெயில் சேர்ந்துவிடுகிறது. அளவுகோலை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை தூக்கலாக இருந்தால் கிலோமீட்டர் எதுவானாலும் எண்ணெயை இறக்கிவிட்டு டீசலைப் பீய்ச்சும் இஞ்செக்டர்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே மாற்றுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பிக்கப்பில் 6 முதல் 8 லிட்டர் வரை கழிவு எண்ணெய் வரும். அதைக் கறையானுக்கு என்று வீட்டைச் சுற்றி ஊற்றுவதும் தோட்டத்துக் கால்வாயில் விடுவதும் இன்னும் நடக்கிறது. அந்தக் கால்வாய்த் தண்ணீர் கடைசியில் பேராக் ஆற்றுக்குத்தான் போகிறது. 2005ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிமுறைகளின்படி கழித்த மசகு எண்ணெய் எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் அட்டவணைப்படுத்தப்பட்ட (அபாயகரமான) கழிவு. மூடியுள்ள பழைய கலனிலேயே திரும்ப நிரப்பி, தண்ணீர் கலக்காமல், அருகிலுள்ள பட்டறையில் கொடுத்துவிடுங்கள். எங்கள் பட்டறையின் பின்புறம் அதற்கென்றே ஒரு பீப்பாய் இருக்கிறது. நிரம்பியதும் உரிமம் பெற்றவர்கள் வந்து எடுத்துப்போகிறார்கள்.