திருச்சியில் ஒரு நண்பன், தஞ்சாவூரில் ஒரு நண்பன்: ரூம் எங்கே போடுவது?

பள்ளித் தோழன் ஒருவன் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறான். கூட வேலை பார்த்த நண்பர் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிப் பக்கம் குடியிருக்கிறார். சென்னையிலிருந்து மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வருஷத்துக்கு ஒரு தடவை இருவரையும் பார்த்துவிட்டு வருவோம். இரண்டு ஊருக்கும் இடையே ரயில் பாதையில் 50 கிலோமீட்டர்தான். "பக்கத்துல பக்கத்துலதானே, எங்க தங்கினா என்ன?" என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். முதல் தடவையாக இப்படிக் கிளம்புகிறவர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: ராச் சாப்பாடு எந்த வீட்டில்?

ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: நாள், ராச் சாப்பாடு எங்கே, மறுநாள் காலை முதல் வேலை எங்கே. மேப்பைத் திறப்பது அப்புறம்.

நண்பர் வீட்டு விருந்து எட்டு மணிக்கு முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாப்பிட்டு, பழைய கதை பேசி, "இரு, பால் காய்ச்சுறா" என்று உட்காரவைத்து, செருப்பு மாட்டும்போது பத்தரை ஆகிவிடும். வாசலில் நின்று இன்னொரு கால் மணி நேரம் பேச்சு. அதற்கு மேல் தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறுவது பெரிய தண்டனை. ராச் சாப்பாடு எந்த ஊரிலோ, படுக்கை அந்த ஊரில். பகலில் எவ்வளவு தூரம் அலைந்தாலும் பரவாயில்லை, அது ஊர் சுற்றல் கணக்கில் போய்விடும்.

ஒரே நாளில் இரண்டு வீட்டுக்கும் போக வேண்டியிருந்தால் ஒரு வீட்டில் மதியச் சாப்பாடு, இன்னொரு வீட்டில் ராச் சாப்பாடு என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

படி 2: நடுவில் தங்காதீர்கள்

இதற்கு ஒரு படியா என்று கேட்கலாம். நான் அனுபவித்தவன். இரண்டு பேருக்கும் சமதூரம் என்று பெருமையாக, துவாக்குடிக்கும் செங்கிப்பட்டிக்கும் இடையே நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு தடவை ரூம் போட்டேன். வாடகை குறைவு, அறையும் சுத்தம். ஆனால் ராத்திரி எங்கும் நிற்காத பஸ்களெல்லாம் கண்ணெதிரே பறந்தன. ஆட்டோ கூப்பிட்டால் "திரும்ப வர சவாரி கிடைக்காதுங்க" என்று இரட்டை வாடகை. காலையில் ஒரு டீக்குக்கூட லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடக்க வேண்டியிருந்தது. அது ரெண்டுங்கெட்டான் இடம். சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு வேண்டுமானால் சரிப்படும்.

படி 3: நண்பர் மனம் கோணாமல் சொல்வது

உண்மையில் கஷ்டமான வேலை இதுதான். நம் ஊரில் வீடு இருக்கும்போது லாட்ஜில் தங்குவது என்றால் முகத்தில் அடித்த மாதிரி. ஒருவர் வீட்டில் தங்கி இன்னொருவர் வீட்டில் தங்காவிட்டால் அதைவிட மோசம். பத்து வருஷம் கழித்தும் சொல்லிக்காட்டுவார்கள்.

நான் கண்ட வழி: ரூம் போடுவதற்கு முன்பே போன் செய்துவிடுவது. வந்து இறங்கிய பிறகு தெரிந்தால்தான் வருத்தம். "டேய், குளிக்கவும் தூங்கவும் மட்டும்தான் ரூம். காலையில காபிக்கு உன் வீட்டு வாசல்ல நிப்போம்" என்று சொன்னால் பாதிக் கோபம் போய்விடும். மீதியை வீட்டு அம்மாவிடம் பேசித் தீர்க்க வேண்டும். "தங்கச்சி, இத்தனை பேருக்கு நீங்க பாய் விரிச்சு, காலையில ஒரே குளியலறையில வரிசை நிக்கணுமா?" என்றேன். மறுமுனையில் ஒரு சின்ன நிம்மதிப் பெருமூச்சு எனக்குக் கேட்டது. சாப்பாட்டை மட்டும் மறுக்காதீர்கள். லாட்ஜில் தங்கி, சாப்பாடும் ஓட்டலில் என்றால் அந்த நட்புக்கு நான் பொறுப்பல்ல.

படி 4: ஊருக்குள் எந்த இடம்?

திருச்சி என்பது ஒரே ஊர் போலத் தெரிந்தாலும் ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள தீவு. லாட்ஜுகள் நிறைய இருப்பது ஜங்ஷனையும் மத்தியப் பேருந்து நிலையத்தையும் ஒட்டி. அங்கிருந்து ஸ்ரீரங்கம் போக ஊரைத் தாண்டி, காவிரிப் பாலத்தையும் தாண்ட வேண்டும். நண்பர் தீவில் இருந்தால் ஸ்ரீரங்கத்திலேயோ, சத்திரம் பேருந்து நிலையத்தின் பக்கமோ பாருங்கள். நண்பர் திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் என்றால் கணக்கே மாறிவிடும். அது தஞ்சாவூர் சாலை. நகரத்துக்குள் நுழையாமலே இரண்டு நண்பர்களையும் பார்த்துவிடலாம்.

இன்னொன்று: வெளியூர்ப் பேருந்துகளுக்காக 2025இல் மதுரை சாலையில் பஞ்சப்பூரில் புதிய முனையம் திறந்துவிட்டார்கள். பழைய ஞாபகத்தை வைத்து "பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல" என்று ரூம் போடாதீர்கள். தஞ்சாவூர் பஸ்ஸை எந்த நிறுத்தத்தில் பிடிப்பது என்று உள்ளூர் நண்பரையே கேளுங்கள்.

தஞ்சாவூரிலும் இரண்டு பேருந்து நிலையங்கள். பெரிய கோயிலுக்கும் ரயில் நிலையத்துக்கும் பழையது பக்கம். மருத்துவக் கல்லூரி, திருச்சி சாலைப் பக்கம் வீடு என்றால் புதியது பக்கம். பஸ்ஸில் ஏறும்போதே எங்கே இறங்குவது என்று தெரிந்துவைத்திருந்தால் ஓர் ஆட்டோக் காசு மிச்சம். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்தில்தான். ஊர் விட்டு ஊர் போகும் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும். என் மனைவி கண்டக்டரிடம் வாதாடியதைத் தனிப் பதிவாகவே எழுதலாம்.

படி 5: விடியற்காலைப் பிரச்சினை

ராத்திரி ரயிலில் வந்தால் விடியற்காலையில் இறங்குவீர்கள். பல ஓட்டல்களில் அறை மதியம் 12 மணிக்குத்தான். அதுவரை பிள்ளைகளோடு எங்கே போவது? இதற்காகவே '24 மணி நேர செக்-அவுட்' உள்ள லாட்ஜாகத் தேடுங்கள். காலை ஐந்துக்கு வந்தால் மறுநாள் ஐந்து வரை உங்களுடையது. குளித்துக் கிளம்ப மட்டும் இடம் வேண்டும் என்றால் ரயில்வே ஓய்வறை போதும். உறுதியான டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணை வைத்து இணையத்திலேயே எடுக்கலாம்.

போனில் கேட்க வேண்டியவை: வெந்நீர் நாள் முழுக்கவா, காலையில் மட்டுமா? எக்ஸ்ட்ரா பெட் எவ்வளவு? ராத்திரி கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? (படி 1ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.) சொன்ன வாடகையில் ஜி.எஸ்.டி. சேர்ந்ததா? 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18. பெரியவர்கள் எல்லோருடைய ஆதாரையும் எடுத்துப்போங்கள்.

படி 6: நாள் பார்ப்பது

முகூர்த்த நாளா என்று காலண்டரைப் புரட்டுங்கள். கல்யாண மண்டபத்துக்காரர்கள் லாட்ஜை மொத்தமாகப் பிடித்துவிடுவார்கள். மார்கழியில் வைகுண்ட ஏகாதசியை ஒட்டி ஸ்ரீரங்கத்தில் ரூம் கேட்பது வீண். அந்த நாட்களில் தஞ்சாவூரில் தங்கிக்கொண்டு பகலில் வந்து போகலாம். ஐப்பசி சதய விழா நேரத்தில் தஞ்சாவூருக்கும் அதே கதைதான்.

படி 7: ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறுவது

எனக்கு மிகவும் பிடித்தது இது. எழும்பூரிலிருந்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் திருச்சி போங்கள். திரும்பும்போது தஞ்சாவூரிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். வந்த வழியே திரும்பிப் போகும் அலைச்சல் இல்லை. முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கும். முதல் பாதி இரவுகள் திருச்சி, பின்பாதி தஞ்சாவூர் என்று தங்குமிடமும் தானாகவே பிரிந்துகொள்ளும். மூன்று இரவுக்குக் குறைவென்றால் பெட்டியை இரண்டு தடவை கட்டி அவிழ்ப்பது வீண்வேலை. ராச் சாப்பாடு அதிகம் உள்ள ஊரிலேயே இருந்துவிடுங்கள்.

ஊர் மாறும் நாளில் நண்பர் காரில் கொண்டுவிடுகிறேன் என்றால், பகலாக இருந்தால் கல்லணை வழியாகப் போகச் சொல்லுங்கள். நேரம் கூடும், ஆனால் பிள்ளைகள் அணையைப் பார்த்த மாதிரியும் ஆச்சு.

கடைசி நாள் அறையைக் காலையிலேயே காலி செய்துவிட்டு, பெட்டிகளைத் தஞ்சாவூர் நண்பர் வீட்டில் போட்டுவிடுங்கள். ரயில் ராத்திரிதான். பெட்டியில் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். போன தடவை புளியோதரையும், ஒரு தூக்கு நிறையத் தயிர் சாதமும், வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஒரு தலையாட்டிப் பொம்மையும் ஏறிவிட்டன.