ஆய்வுக் கோப்புகளுக்கு நகல் எடுக்கும் முறை

எல்லாக் கோப்புகளையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். என் கணினியில் அதிக இடம் பிடித்திருப்பவை திருவிதாங்கூர் கல்வெட்டுத் தொகுதிகளின் பிடிஎஃப்கள். போனால் மறுபடி தேடி இறக்கிக்கொள்ளலாம். ஆனால் குளச்சலில் கட்டுமரம் செலுத்திய பெரியவர்கள் காற்றையும் நீரோட்டத்தையும் பற்றிச் சொன்ன ஒலிப்பதிவு போனால் யாரிடம் போய்க் கேட்பது? பேசியவர்களில் பலர் இன்று இல்லை. ஆகவே ஒலிப்பதிவுகள், களக் குறிப்புகள், சிதறால் மலையிலும் சுசீந்திரத்திலும் எடுத்த கல்வெட்டுப் படங்கள் ஆகியவற்றை 'அசல்' என்ற தனி ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். முதல் மரியாதை அதற்குத்தான்.

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில். பரவலாகச் சொல்லப்படும் இந்தக் கணக்கு நல்ல கணக்கு. வெளியிடம் எவ்வளவு தூரம் என்பதில்தான் சிக்கல். நாகர்கோவிலில் இருக்கும் எனக்கு மார்த்தாண்டத்தில் அக்கா வீடு இருக்கிறது. அங்கே ஒரு ஹார்ட் டிஸ்க். திருட்டுக்கும் தீ விபத்துக்கும் அது போதும். 2017 ஒக்கி போல மாவட்டத்தையே புரட்டிப்போடும் புயலுக்குப் போதாது. அதனால் அசல் ஃபோல்டர் கூகுள் டிரைவிலும் இருக்கிறது. இலவச 15 ஜிபியில் மின்னஞ்சலும் பங்கு கேட்கும் என்பதை மறக்க வேண்டாம்.

டிரைவ் தானாக ஒத்திசைப்பதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் முப்பது நாள் கிடக்கும், பிறகு அதுவும் இல்லை. ஹார்ட் டிஸ்க்கை நகல் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ், செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று வேறு. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

பழைய தமிழ்க் கோப்புகள் தனிக்கதை. பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த குறிப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எழுத்துருக் கோப்பையும் கூடவே நகலெடுங்கள். ஓய்வு கிடைக்கும்போது யூனிகோடுக்கு மாற்றி, பழையதையும் அழிக்காமல் வையுங்கள். மாற்றும்போது ஒற்றும் கொம்பும் இடம் மாறுவதுண்டு.

கோப்புப் பெயரில் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் தானாகவே அடுக்கி நிற்கும்.

நகல் எடுத்ததும் திறந்து பாருங்கள். ஒலிப்பதிவென்றால் கடைசி நிமிடத்தைக் கேளுங்கள். பாதியில் அறுந்த நகலும் தொடக்கத்தில் ஒழுங்காகவே ஒலிக்கும். நான் இதை அக்கா மகனின் கணினியில்தான் செய்கிறேன். என்னுடையதில் பாமினி இருப்பதால் எல்லாம் அழகாகத் திறக்கும், அவனுடையதில்தான் குட்டு வெளிப்படும்.