கல்குடாப் பக்கம் போகிறவர்கள் விடும் பிழைகள்

கல்குடாவும் பாசிக்குடாவும் இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புக்கு வடக்கே அடுத்தடுத்துக் கிடக்கும் கடற்கரைகள். அங்கே போகிறவர்களின் முதல் பிழை டிக்கெட் எடுக்கும்போதே நடந்துவிடுகிறது. கொழும்பிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் மட்டக்களப்பு வரை போய் இறங்கி, வந்த வழியே 30 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் திரும்பி வருகிறார்கள். பாசிக்குடாவுக்கு இறங்க வேண்டிய இடம் வாழைச்சேனை. அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்சத் தூரம்தான். ஏறுமுன் காசைப் பேசிவிடுங்கள், அவ்வளவுதான்.

அடுத்ததுதான் உண்மையில் ஆபத்தானது: பாசிக்குடாவும் கல்குடாவும் ஒரே கடல் என்று நினைப்பது. பாசிக்குடா உள்வாங்கி வளைந்த குடா. வெளியே கிடக்கும் முருகைக்கற்பார் (பவளப்பாறைத் திட்டு) அலையை உடைத்துவிடுவதால், இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடந்து போகலாம். சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இதுதான் தோது. முனையைத் தாண்டினால் கல்குடா. அது திறந்த கரை. அலை நேரே வந்து அடிக்கும், இழுப்பும் இருக்கும். ஆட்கள் குறைவு, அமைதியாக இருக்கிறது என்று சொல்லித்தான் பலர் அங்கே இறங்குகிறார்கள். பாசிக்குடாவில் நின்று பழகிய துணிச்சலை அங்கே காட்டக் கூடாது. குளிக்க வேண்டுமென்றால் கரையில் நிற்கிற மீனவர் ஒருவரிடம் கேளுங்கள். "இதில இறங்காதீங்க தம்பி" என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

காலமும் முக்கியம். டிசம்பர் விடுமுறைக்கு வந்து, மழையையும் கலங்கிய கடலையும் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. வடகீழ்ப் பருவக்காற்று இந்தக் கரைக்கு மாரியைக் கொண்டு வரும் காலம் அது. ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரை வாருங்கள். கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் வெக்கை தாங்காது, மதியத்தில் மணல் காலைச் சுடும். ஆகவே விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் கடலுக்குப் போங்கள்.

முருகைக்கல்லை மிதிப்பதும், அழகாக இருக்கிறதென்று ஒரு துண்டை பைக்குள் போடுவதும் வேண்டாம். ஒரு காலத்தில் கிழக்குக் கரையில் இந்தக் கல்லைத் தோண்டி எடுத்து, சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வீடு கட்டினார்கள். இன்று கரையோரச் சட்டப்படி அது குற்றம். சட்டத்தை விடுங்கள், பார் போனால் பாசிக்குடாவின் அந்த அமைதியான தண்ணீரும் போய்விடும். செத்த கல்லைப்போலத் தெரிவதும் பல வேளை உயிருள்ளதுதான். வெறுங்காலோடு அதில் ஏறினால் காலும் கிழியும்.

ஹோட்டல் வரிசையை மட்டும் பார்த்துவிட்டு ஊரைப் பார்க்காமல் போவதும் பிழை என்றே சொல்வேன். வாழைச்சேனை உல்லாசப் பயணிகளுக்காக உண்டான ஊரல்ல. 1950களில் தொடங்கிய கடதாசி ஆலை இங்கேதான் இருக்கிறது. வயலில் மிஞ்சும் வைக்கோலைக் கூழாக்கிக் கடதாசி செய்த ஆலை. போரோடு நொடித்து, மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. அரசாங்க இடம் என்பதால் அனுமதி கேட்காமல் உள்ளே போய்ப் படம் பிடிக்க நினைக்காதீர்கள். காலையில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால் ஆழ்கடலுக்குப் போய் வந்த படகுகளிலிருந்து மீன் இறக்குவதைப் பார்க்கலாம். வேலை செய்கிறவர்களுக்குக் குறுக்கே நிற்க வேண்டாம்.

பக்கத்தில் இருக்கும் ஓட்டமாவடி முஸ்லிம் ஊர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும், சாப்பாட்டை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கடலில் குளித்த உடுப்போடு கடைத்தெருவில் நடப்பதை எந்த ஊரும் விரும்பாது, இங்கே தமிழரும் முஸ்லிம்களும் விரும்புவதில்லை.

அப்புறம், சுழியோடப் பழகத் தொடங்கியவுடனேயே "ஹெர்மிஸ் கப்பலைக் காட்டுங்கள்" என்று கேட்பவர்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்தப் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு வெளியே 50 மீற்றருக்கும் அதிக ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடிகளின் எல்லையே 40 மீற்றர்தான். புதிதாக வருகிறவரை அங்கே கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால், காசு கொடுக்காதீர்கள்.