ஒரே கரு, பல படம்: திரைக்கதைக்குக் கதை வகையைப் பிடிப்பது எப்படி?

திரைக்கதை எழுதத் தொடங்குபவர்களிடம் "என்ன கதை?" என்று கேட்டால் "த்ரில்லருங்க", "ஃபேமிலி டிராமாங்க" என்றுதான் பதில் வரும். அது ஜானர். படம் பார்க்கிறவர் பயப்பட வேண்டுமா, சிரிக்க வேண்டுமா, கலங்க வேண்டுமா என்பதை ஜானர் சொல்லும். அடுத்த காட்சியில் என்ன நடக்க வேண்டும் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது கதை வகை: நாயகன் எந்த மாதிரிச் சிக்கலில் நிற்கிறான் என்பது. முப்பதாம் பக்கத்தில் எழுத்து நின்றுபோகிறவர்களில் பலர் ஜானரை மட்டும் முடிவு செய்துவிட்டு உட்கார்ந்தவர்கள்.

இரண்டும் வேறு வேறு என்பதற்கு நம்ம ஊரிலேயே சாட்சி இருக்கிறது. நாமக்கல் கவிஞர் எழுதிய நாவல் 'மலைக்கள்ளன்'. கோவை பட்சிராஜா ஸ்டூடியோ அதை 1954-ல் எம்.ஜி.ஆரை வைத்துப் படமாக்கியது. இயக்கிய ஸ்ரீராமுலு நாயுடுவே மறு வருடம் அதை இந்தியில் திலீப்குமாரை வைத்து 'ஆசாத்' என்று எடுத்தார். இந்தியில் கலகலப்பு தூக்கல். ஆனால் கள்ளன் என்று பெயர் வாங்கி நல்லது செய்கிற, இரண்டு முகத்தோடு வாழ்கிற ஆளின் கதை என்பது இரண்டிலும் ஒன்றுதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: கருவை ஒரு வரியில் எழுதுங்கள்

ஜானர் பெயர் அந்த வரியில் வரக்கூடாது. ஆள், இடம், நெருக்கடி மூன்றும் இருந்தால் போதும். இந்தப் பதிவு முழுக்க நான் எடுத்துக்கொள்ளும் கரு இது:

"சோமனூர் பக்கம் தறிக்குடோன் வைத்திருக்கும் ஒருவர், நூல் கொடுக்கும் வியாபாரி தரும் நெசவுக் கூலி கட்டுபடியாகாமல், தறிகளைப் பழைய இரும்பு விலைக்கு எடைக்குப் போட முடிவெடுக்கிறார்."

படி 2: பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள்

ஜார்ஜ் போல்ட்டி என்ற பிரெஞ்சுக்காரர் 1895-லேயே நாடகச் சூழல்கள் மொத்தம் 36 என்று எழுதினார். புதியவர்களுக்கு அது அதிகம். பிளேக் ஸ்னைடர் 2005-ல் வெளியிட்ட 'சேவ் த கேட்' நூலில் வரும் பத்து வகைகளைத்தான் நான் சிபாரிசு செய்வேன். ஒவ்வொரு வகைக்கும் கட்டாயம் இருக்க வேண்டிய மூன்று பொருளை அதே முறையில் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் காரணம். பெயர்களை நம் வசதிக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: வீட்டுக்குள் பூதம், தேடல் பயணம், வரம் கிடைத்தவன், அப்பாவியின் ஆபத்து, வயதின் வலி, இருவர் உறவு, ஏன் செய்தார், வெகுளியின் வெற்றி, கூட்டமும் தனியாளும், தனிப்பிறவி. மலைக்கள்ளனைக் கடைசி வகையில் சேர்க்கலாம்.

படி 3: கருவை ஒவ்வொரு வகையிலும் ஓட்டிப் பாருங்கள்

பத்திலும் ஓட்ட வேண்டியதில்லை. நாலைந்து போதும்.

தேடல் பயணம்: இதற்கு ஒரு பாதை, கூட வரும் ஆட்கள், அடைய வேண்டிய பொருள் வேண்டும். பழைய பங்காளி மும்பை பக்கம் பிவண்டியில் தறி ஓட்டுகிறார், பாக்கிப் பணம் அவரிடம் இருக்கிறது. அப்பாவும் மகளும் ரயில் ஏறுகிறார்கள்.

கூட்டமும் தனியாளும்: கூலி உயர்வு கேட்டுத் தறிகள் எல்லாம் நின்றிருக்கின்றன. இவர் மட்டும் கடனுக்குப் பயந்து ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டுகிறார். தறிச் சத்தத்தை எந்தக் கதவாலும் மறைக்க முடியாது. கூட்டத்தோடு நிற்பதா, தனியாகப் பிழைப்பதா? எனக்கு மிகவும் பிடித்தது இந்த வகைதான். கொங்குப் பக்கத்துத் தொழில் ஊர்களில் இதற்கான கதைகள் கொட்டிக் கிடக்கின்றன. யாராவது எழுத வேண்டும்.

வயதின் வலி: தறி போனபின் என்ன செய்வதென்று தெரியாத மனிதர், வலியைத் தீர்க்கத் தப்பான வழியில் இறங்கி, கடைசியில் இழப்பை ஒத்துக்கொள்கிறார்.

வீட்டுக்குள் பூதம்: பூட்டிய குடோனில் தறி தானாக ஓடுகிறது. பூதமும் தப்ப முடியாத இடமும் இருந்தால் மட்டும் பற்றாது. யாரோ செய்த பாவம் அந்தப் பூதத்தை உள்ளே விட்டிருக்க வேண்டும். நம் பேய்க் கதைகளில் அடிக்கடி விட்டுப்போவது இந்தப் பாவம்தான்.

படி 4: 'அப்பாவியின் ஆபத்து'க்கும் 'ஏன் செய்தார்'க்கும் நடுவே முடிவெடுங்கள்

எனக்கு அதிக நாள் பிடித்த இடம் இது. இரண்டையுமே வெளியே த்ரில்லர் என்றுதான் சொல்வார்கள். கரு இப்படி நகர்கிறது என்று வையுங்கள்: எடைக்கு எடுக்க லாரி வரவேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி, தறியில் ஏற்றியிருக்கும் பாவை, அதாவது நெடுக்கு நூலை, யாரோ அறுத்துவிடுகிறார்கள்.

முடிவெடுக்க ஒரு சோதனை இருக்கிறது. அறுத்தவருடைய காரணத்தைக் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள். அப்புறமும் படம் ஓடுகிறதா? நூல் கொடுத்த வியாபாரி நெருக்க, போலீஸ் தேட, நாயகன் தப்பிக்க ஓடினால் அது அப்பாவியின் ஆபத்து. காரணத்தை எடுத்ததும் கதையே விழுந்துவிட்டால் அது 'ஏன் செய்தார்'. 1954-ல் பாட்டே இல்லாமல் வந்த 'அந்த நாள்' படம் பார்த்திருந்தால் தெரியும்: கொன்றவர் யார் என்பதைவிட, ஏன் என்பதுதான் அங்கே நம்மை உலுக்கும்.

நம் கருவில் இதைச் செய்து பார்க்கலாம். வயசான தறிக்காரர் ஒருவர் குனிந்து பாவைப் பார்க்கிறார். வெட்டு, இழைகளை ஏற்றி இறக்கும் கண்ணிகளான விழுதுக்குப் பின்னால் விழுந்திருந்தால் ஒவ்வொரு இழையாகப் பிணைக்க வேண்டும். ஆனால் வெட்டு, இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு போன்ற அச்சுக்கு முன்னால், துணிப் பக்கம் விழுந்திருக்கிறது. இழைகள் விழுதிலும் அச்சிலும் கோத்தபடியே நிற்கின்றன. இழுத்துக் கட்டினால் திரும்ப ஓட்டிவிடலாம்.

"ஏனுங்க, இது தறி தெரிஞ்ச கை" என்கிறார் அவர். முதலாளி திரும்பி மகளைப் பார்க்கிறார். "அம்மிணி, ராத்திரி சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

ஏறிய பாவை நெய்து முடித்து வியாபாரியிடம் துணியைக் கொடுக்காமல் தறியைக் கழற்ற முடியாது. அறுத்த கை நாசம் பண்ண நினைக்கவில்லை. லாரியைத் திருப்பி அனுப்ப நினைத்திருக்கிறது. காரணத்தை எடுத்தால் இந்தக் கதையில் ஒன்றும் மிஞ்சாது. வகை முடிவாகிவிட்டது. இனி ஒவ்வொரு காட்சியும் அந்தக் காரணத்தை நோக்கி ஒரு அடி வைத்தால் போதும்.

படி 5: ஜானரை இப்போது பூசுங்கள்

இதே 'ஏன் செய்தார்' கதையைச் சோகமாகவும் எடுக்கலாம், ஊர்ப் பெரியவர்கள் துப்பறியக் கிளம்பும் காமெடியாகவும் எடுக்கலாம். அடுக்கு மாறாது, வசனமும் வேகமும் மாறும்.

கருவிகள்

படி 3 வரை நோட்டும் பேனாவும்தான். கணினியில் அடித்துவிட்டால் அழிக்க மனசு வராது. காட்சி பிரிக்க அட்டைகள். எழுத, ஃபவுண்டன் முறை: சாதாரண எழுத்துக் கோப்பு, காசு கிடையாது, எந்த போனிலும் திறக்கும்.

சேர்க்கை: தமிழில் அடித்தால் ஃபவுண்டன் செயலி கதாபாத்திரப் பெயரைக் கண்டுகொள்வதில்லை என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தார்கள். பெயரையும் வசனத்தையும் அது ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்துத்தான் பிரிக்கிறது. தமிழில் அது கிடையாது. பெயருக்கு முன்னால் @ போடுங்கள். 'உள் – தறிக்குடோன் – இரவு' போன்ற காட்சித் தலைப்புக்கு முன்னால் ஒரு புள்ளி வையுங்கள். பிரிந்துவிடும்.

இன்னொரு சேர்க்கை: "ஒரு பக்கம் ஒரு நிமிஷம்" கணக்கு தமிழுக்குப் பொருந்துமா என்று ஈரோட்டிலிருந்து ஒருவர் கேட்டார். அது கூரியர் எழுத்துருவில் 12 புள்ளி அளவில் அடித்த ஆங்கிலப் பக்கத்துக்கான கணக்கு. நாம் அடிக்கும் எழுத்துருவுக்கு அது வராது. ஒரு காட்சியை வாய்விட்டுப் படித்து, போனில் நேரம் பாருங்கள். உங்கள் பக்கத்துக்கு எத்தனை நிமிஷம் என்று தெரிந்துவிடும்.