சேலம் ஜங்ஷனில் இறங்கியாச்சு, அடுத்து எந்த பஸ்? முதல்முறை வருகிறவர்களுக்கு

போன மாதம் என் சித்தி ஆத்தூரிலிருந்து பாசஞ்சர் ரயிலில் சேலம் வந்தார், ஜி.ஹெச்.சில் சேர்த்திருந்த அவருடைய அண்ணனைப் பார்க்க. ரயில் சேலம் டவுன் ஸ்டேஷனில் நின்றபோது ஜன்னல் வழியாக போர்டைப் பார்த்திருக்கிறார், ஆனால் ஊரில் எல்லாரும் ‘ஜங்ஷன், ஜங்ஷன்’ என்றே சொல்லிக் கேட்டவர் என்பதால் அங்கே இறங்காமல் உட்கார்ந்தே இருந்துவிட்டார். ஜி.ஹெச். டவுன் ஸ்டேஷனுக்குப் பக்கம். ஜங்ஷன் வரை போய் இறங்கி, வெளியே வந்து ஆட்டோவுக்கு 250 ரூபாய் கொடுத்து, ரயில் வந்த திசையிலேயே திரும்பிப் போயிருக்கிறார். ராத்திரி போனில், “கண்ணு, ஜங்ஷன்ல இருந்து பஸ்ஸே கிடையாதா?” என்று கேட்டார். இருக்கு சித்தி, நிறைய இருக்கு. ஆனால் அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவருக்காக ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

படி 1: எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும்?

ரயில் ஏறும் முன்பே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. சேலம் நகருக்குள் முக்கியமாக மூன்று ஸ்டேஷன்கள் இருக்கின்றன: சேலம் ஜங்ஷன், சேலம் மார்க்கெட், சேலம் டவுன். ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில், நகரின் மேற்குப் பக்கம். சென்னை, கோவை, பெங்களூரு, கரூர் என்று எந்தப் பக்கம் போகும் பெரிய ரயிலும் இங்கேதான் நிற்கும். டிக்கெட்டில் இதன் குறியீடு எஸ்.ஏ. மற்ற இரண்டும் ஜங்ஷனிலிருந்து விருத்தாசலம் போகும் பாதையில் இருக்கின்றன, முதலில் மார்க்கெட், அப்புறம் டவுன். மார்க்கெட் ஸ்டேஷன் செவ்வாய்ப்பேட்டை பக்கம். டவுன் ஸ்டேஷன் பழைய பஸ் ஸ்டாண்ட், கலெக்டர் ஆபீஸ், ஜி.ஹெச். எல்லாவற்றுக்கும் கிட்டே. அதன் குறியீடு எஸ்.எக்ஸ்.டி.

அதனால் ஆத்தூர், சின்னசேலம், விருத்தாசலம் பக்கமிருந்து வருகிறீர்கள், வேலை ஜி.ஹெச்.சிலோ கலெக்டர் ஆபீஸிலோ கடைவீதியிலோ என்றால் டவுனில் இறங்கிவிடுங்கள். எழும்பூரிலிருந்து விருத்தாசலம் வழியாக சேலம் வரும் இரவு ரயிலுக்கும் இதே கணக்குதான். சென்னை சென்ட்ரலிலிருந்தோ கோவை, ஈரோடு பக்கமிருந்தோ வருகிறவர்கள் ஜங்ஷனில்தான் இறங்க வேண்டும், அவர்களுக்கு வேறு வழியில்லை. இனி வரும் படிகள் பெரும்பாலும் அவர்களுக்காக.

படி 2: டிக்கெட்

முன்பதிவு செய்து வருகிறவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். பக்கத்து ஊரிலிருந்து முன்பதிவில்லாமல் வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் மட்டும். கவுண்டரில் வரிசை நீளமாக இருந்தால் ரயில்ஒன் செயலியில் எடுக்கலாம், ஆனால் காகிதமில்லா டிக்கெட்டை ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்ய வேண்டும். இன்னொன்று, 199 கிலோமீட்டருக்குள் போகிற முன்பதிவில்லா டிக்கெட்டை காலையில் வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் ஏற முடியாது. வாங்கிய 3 மணி நேரத்துக்குள், அல்லது நீங்கள் போகும் ஊருக்கு அடுத்துக் கிளம்பும் முதல் ரயிலில், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். கிராமத்திலிருந்து வருகிற பெரியவர்கள் பலர் இது தெரியாமல் அபராதம் கட்டுகிறார்கள், பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

உங்களை அழைத்துப் போக யாராவது வந்தால் அவர்கள் 10 ரூபாய்க்கு பிளாட்பாரம் டிக்கெட் வாங்க வேண்டும், அது 2 மணி நேரத்துக்குச் செல்லும்.

படி 3: இறங்கியதும் ஓடாதீர்கள்

ரயில் நின்றதும் கூட்டம் மொத்தமும் ஒரே மேம்பாலப் படிக்கட்டுக்கு ஓடும். ரெண்டு நிமிஷம் நின்று, கூட்டம் போகவிட்டு ஏறுங்கள். பாட்டில் தண்ணீர், கழிப்பறை எல்லாம் ஸ்டேஷனுக்குள்ளேயே முடித்துக்கொள்வது நல்லது, டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டால் வழியில் இறங்க மனசு வராது.

நள்ளிரவு தாண்டி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்காடு எக்ஸ்பிரஸ் மாதிரியான ரயில்கள் சென்னையிலிருந்து விடிவதற்கு வெகு முன்பே சேலம் வந்துவிடும். அந்த நேரத்தில் வெளியே நிற்பது ஆட்டோதான். அவசரம் இல்லையென்றால் வெயிட்டிங் ஹாலில் உட்கார்ந்து விடிந்தபின் டவுன் பஸ்ஸில் போங்கள். குடும்பத்தோடு வந்தால் ஓய்வறையை ஐஆர்சிடிசியில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம். ரயில் சம்பந்தமான எந்த உதவிக்கும் 139.

படி 4: பழைய பஸ் ஸ்டாண்டா, புது பஸ் ஸ்டாண்டா?

இந்த ஒரு படிக்காகத்தான் முழுவதையும் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் சேலத்துக்குப் புதிதாக வருகிற யாரும் முதலில் தடுமாறுவது இங்கேதான், ‘பஸ் ஸ்டாண்ட் போகணும்’ என்று மொட்டையாகச் சொன்னால் கண்டக்டரும் “எந்த பஸ் ஸ்டாண்ட்?” என்றுதான் திருப்பிக் கேட்பார்.

புது பஸ் ஸ்டாண்ட் மெய்யனூர் பக்கம் இருக்கிறது. ஜங்ஷனுக்கு இதுதான் கிட்டே, 3, 4 கிலோமீட்டர்தான். வெளியூர் பஸ்கள் இங்கிருந்து கிளம்பும்: தருமபுரி, நாமக்கல், திருச்சி, மேட்டூர், ஓமலூர், பெங்களூரு, அப்புறம் ஏற்காடு. பெரியார் பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைகளும் ஓமலூர் பக்கம் போகும் பஸ்ஸைத்தான் பிடிக்க வேண்டும். பழைய பஸ் ஸ்டாண்ட் நகரின் நடுவில், ஜங்ஷனிலிருந்து 5, 6 கிலோமீட்டர். அது டவுன் பஸ்களின் இடம், இப்போது இரண்டு அடுக்காகக் கட்டியிருக்கிறார்கள். கோட்டை, கடைவீதி, ஜி.ஹெச்., கலெக்டர் ஆபீஸ் எல்லாம் இதைச் சுற்றித்தான். அம்மாப்பேட்டை, கன்னங்குறிச்சி, அயோத்தியாப்பட்டணம் மாதிரி நகரின் மற்ற மூலைகளுக்குப் போக வேண்டுமென்றால் இங்கே வந்து பஸ் மாறுவது சுலபம்.

ஆக, வெளியூர் போக வேண்டுமா, புது பஸ் ஸ்டாண்ட். ஊருக்குள் வேலையா, பழைய பஸ் ஸ்டாண்ட். சித்திக்கு எழுதிக் கொடுத்த தாளில் இந்த இரண்டு வரியைத்தான் பெரிய எழுத்தில் எழுதினேன்.

படி 5: டவுன் பஸ் ஏறுவது

ஸ்டேஷன் முகப்பைத் தாண்டி வெளியே வந்ததும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவர்கள் பிழைப்பு அது, “வேண்டாங்கண்ணா, பஸ்ல போறோம்” என்று சொல்லிவிட்டு நேராக டவுன் பஸ் நிற்கும் இடத்துக்கு நடங்கள். பஸ் நம்பரை மனப்பாடம் செய்ய முயலாதீர்கள். ஒரே நம்பரில் வழி மாறிப் போகிற பஸ் உண்டு, நம்பர் சொல்லி வைத்தவரே பத்து வருஷம் முந்தைய நம்பரைச் சொல்லியிருப்பார். முன் கண்ணாடிக்கு மேல் இருக்கும் போர்டில் ஊர்ப்பெயரைப் படியுங்கள், அப்புறம் படியில் கால் வைக்கும் முன் கண்டக்டரிடம் ஒரு கேள்வி: “அண்ணா, புது பஸ் ஸ்டாண்ட் நிக்குமா?” போகுமா என்று கேட்பதைவிட நிக்குமா என்று கேளுங்கள். பழைய பஸ் ஸ்டாண்ட் போகிற எல்லா பஸ்ஸும் புது பஸ் ஸ்டாண்டுக்குள் வந்துதான் போகும் என்று இல்லை, சில பஸ்கள் வேறு ரோடு வழியாகப் போய்விடும்.

வழியில் காதில் விழுகிற பெயர்கள் முதலில் குழப்பும். மூணு ரோடு, நாலு ரோடு, அஞ்சு ரோடு என்று மூன்றும் தனித்தனி இடங்கள். அஞ்சு ரோட்டை அடையாளம் காண்பது சுலபம், தலைக்கு மேல் ஈரடுக்கு மேம்பாலம் போகும். எங்கே இறங்க வேண்டும் என்பதை டிக்கெட் வாங்கும்போதே கண்டக்டரிடம் சொல்லி, “வந்ததும் சொல்லுங்கண்ணா” என்று கேட்டுக்கொள்ளுங்கள். சேலத்துக் கண்டக்டர்கள் மறக்காமல் சொல்வார்கள், கண்டக்டர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் பக்கத்து சீட்டு அக்கா சொல்லிவிடுவார்.

பெண்களுக்கு முக்கியமானது: அரசு சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களோடு துணைக்கு வருகிற ஒருவருக்கும் இது உண்டு. ஆனால் சேலத்தில் தனியார் டவுன் பஸ்களும் நிறைய ஓடுகின்றன, அவற்றில் காசு கொடுக்க வேண்டும். வித்தியாசம் தெரிய பஸ்ஸின் முன்பக்கத்தைப் பாருங்கள், இலவசப் பயணம் உள்ள பஸ்ஸில் அது எழுதியிருக்கும், பிங்க் நிறமும் அடித்திருப்பார்கள். காசு இல்லையென்றாலும் டிக்கெட் உண்டு, கண்டக்டர் கொடுக்கிற சீட்டை வாங்கி இறங்கும்வரை கையில் வைத்திருங்கள். சில்லறை பத்து, இருபதாக வைத்துக்கொள்ளுங்கள். பல அரசு பஸ்களில் யுபிஐ வந்துவிட்டது, ஆனால் காலை எட்டரை மணிக் கூட்டத்தில் ஒற்றைக் கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனை எடுத்து ஸ்கேன் செய்வது நடக்கிற காரியம் இல்லை.

படி 6: ஏற்காடு போகிறவர்களுக்கு

ஜங்ஷனில் இறங்குகிற வெளியூர்க்காரர்களில் பாதிப் பேர் கேட்பது ஏற்காட்டுக்குத்தான். புது பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு பஸ் நிற்கும் இடத்தைக் கேட்டுப் போங்கள். சுமார் 30 கிலோமீட்டர், மலை ஏறி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பஸ் அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வரும், அதுவரை சாதாரண ரோடு. அடிவாரத்துக்கு அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவுகள்.

ஒவ்வொரு வளைவிலும் ஒரு பலகை இருக்கும், 1/20, 2/20 என்று. குழந்தைகளோடு போனால் அதை எண்ணச் சொல்லுங்கள், நேரம் போவதே தெரியாது. டிரைவர் வளைவுக்கு முன்னால் நீளமாக ஹாரன் அடித்துவிட்டு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் முழுசாகச் சுற்றுவார், பஸ்ஸின் மூக்கு பள்ளத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு போய்த் திரும்பும், எதிரே கீழே இறங்குகிற வண்டி ஏறுகிற பஸ்ஸுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும். பாதி மலைக்கு மேல் ஜன்னல் வழியாக வருகிற காற்றே மாறிவிடும், சில்வர் ஓக் மரங்களும் அவற்றின் மேல் படர்ந்த மிளகுக் கொடியும் கீழே காப்பிச் செடியும் தெரிய ஆரம்பிக்கும். காப்பியை இந்த மலைக்குக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். எத்தனை தடவை போனாலும் அந்த இடம் வரும்போது நான் போனைப் பையில் வைத்துவிடுவேன்.

தலை சுற்றும் என்று பயப்படுகிறவர்கள் கவனிக்க: பின் சீட்டு வேண்டவே வேண்டாம், முன்னால் மூன்று நான்கு வரிசைக்குள் உட்காருங்கள். சக்கரத்துக்கு மேல் இருக்கும் சீட்டும் வேண்டாம். வயிறு முட்ட பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், காலி வயிற்றோடும் ஏறாதீர்கள், இரண்டு இட்லி போதும். கண் ரோட்டைப் பார்க்கட்டும். ஒரு பாலித்தீன் கவரும் ஒரு எலுமிச்சம்பழமும் கைப்பையில் இருக்கட்டும். சனி, ஞாயிறும் மே மாதம் கோடை விழா நடக்கிற நாட்களும் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள், அன்றைக்கு உட்கார இடம் கிடைப்பதே பெரிய பாடு.

மேலே இறங்கினால் ஏரியும் அண்ணா பூங்காவும் நடக்கிற தூரம்தான். லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் எல்லாம் தள்ளி இருக்கின்றன, அங்கே போக அடிக்கடி பஸ் கிடையாது, ஜீப்போ ஆட்டோவோதான். நாலு பேராகச் சேர்ந்து பேசி எடுத்தால் கட்டுப்படியாகும்.

படி 7: திரும்பி வருவது

ஏற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கீழே போகிற கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று. கேட்ட நேரத்துக்கு முந்தைய பஸ்ஸையே உங்கள் கடைசி பஸ்ஸாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கடைசி பஸ்ஸில் எஸ்டேட்டில் வேலை முடித்து வருகிறவர்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள் என்று உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் ஏறுவார்கள்.

ராத்திரி ரயில் என்றால் ரயில் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாவது புது பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். மலையில் ஒரு லாரி வளைவில் நின்றுவிட்டால் பின்னால் எல்லா வண்டியும் நிற்கும், அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன் பஸ் பக்கம் வந்து “ஜங்ஷன் போகுமாங்க?” என்று கேட்டால் போதும். போர்டில் ஜங்ஷன் என்றோ ரயில் நிலையம் என்றோ சூரமங்கலம் என்றோ இருக்கும், சூரமங்கலம் என்று மட்டும் இருந்தால் ஸ்டேஷன் வாசலில் நிற்குமா என்று ஒருமுறை கேட்டுவிட்டு ஏறுங்கள்.

சித்தி போன வாரம் மறுபடியும் வந்தார். டவுன் ஸ்டேஷனில் இறங்கி, விசாரித்து நடந்தே ஜி.ஹெச். போய்ச் சேர்ந்துவிட்டு, அங்கிருந்து எனக்கு போன் செய்தார்.