கதையை முடிக்காமல் விடுங்கள்

"பிளாஸ்டிக் போடாதே" என்று நூறு முறை சொன்னாலும் பிள்ளைகள் காதில் ஏறாது. அதையே ஓர் ஆமைக் கதையாகச் சொல்லிப் பாருங்கள்.

தை, மாசி மாதங்களில் சென்னைக் கடற்கரைக்குப் பங்குனி ஆமை என்னும் கடலாமைகள் முட்டையிட வரும். ஓர் ஆமை மணலில் குழி தோண்டி, நூறு முட்டை போலப் போட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். ஏறக்குறைய 50 நாள் கழித்து, இரவில் குஞ்சுகள் வெளியே வரும். எந்தப் பக்கம் வெளிச்சமோ, அதுதான் கடல் என்று அவை ஓடும். ஆனால் தெருவிளக்கு எரிவது எதிர்ப்பக்கம் அல்லவா? இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுங்கள். "இப்போது குஞ்சு என்ன செய்யும்? நாம் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். என் மகள் சட்டென்று எழுந்து பால்கனி லைட்டை அணைத்தாள். எங்கள் வீட்டிலிருந்து கடல் வெகு தூரம், இருந்தாலும் நான் தடுக்கவில்லை.

அப்புறம், நீதியை நீங்கள் சொல்லாதீர்கள். சொன்னால் கதை பாடமாகிவிடும். மறுநாள் கடைக்குப் போகும்போது துணிப்பையை அவர்கள் கையில் கொடுங்கள். கடலில் மிதக்கும் பிளாஸ்டிக் பையை ஜெல்லி மீன் என்று நினைத்து ஆமை விழுங்கிவிடும் என்பதை அப்போது சொன்னால் போதும்.

தீபாவளி சமயத்தில் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியைச் சொல்லுங்கள். வேட்டங்குடிச் சரணாலயத்துக்கு வரும் பறவைகளுக்காக அந்த ஊரில் பட்டாசே வெடிப்பதில்லை. நிஜமான ஊர் என்றதும் பிள்ளைகள் கண்ணை விரித்துக் கேட்பார்கள்.