போலந்து கவுண்டி பத்தி எழுதறவங்க திரும்பத் திரும்பப் பண்ற தப்பு

போன வாரம் புதுசா வந்த ரெண்டு பேர் ஹைனூஃப்கா கவுண்டிக்கு தமிழ்ல குறிப்பும் மேப்பும் போட்டுக் கொண்டாந்து காட்டினாங்க. பாத்ததும் வயித்தெரிச்சலாப் போச்சு, ஏன்னா ஆறு வருஷம் முன்னாடி நான் பண்ணின அதே கூத்து, அச்சு அசலா. வடக்கு தெக்கு மாத்தறது, ஸ்பெல்லிங் எல்லாம் விட்டுடறேன், அது நீங்களே பாத்துப்பீங்க.

ஒரே பேர், நாலு சமாச்சாரம்

போட்லாஸ்கியே மாகாணத்துல பெலாரஸ் பார்டரை ஒட்டி இருக்கற கவுண்டி இது. கவுண்டியை அங்க போவியாட்னு சொல்வாங்க, அதுக்குக் கீழ இருக்கற நிர்வாகப் பகுதி க்மினா. இங்க மொத்தம் 9 க்மினா, அதுல ஹைனூஃப்கா டவுன் தனி க்மினா, ஹைனூஃப்காங்கற அதே பேர்ல கிராம க்மினா ஒண்ணும் தனியா இருக்கு, கூத்து என்னன்னா அந்தக் கிராம க்மினாவோட ஆபீஸ் இருக்கறது டவுனுக்குள்ள, அதாவது அதோட எல்லைக்கே வெளிய! டவுன்ல சுமார் 20,000 பேர், கிராம க்மினால 4,000 பக்கம்தான், ஆனா பரப்பளவு டவுனை விடப் பத்து மடங்குக்கு மேல.

நான் என்ன பண்ணினேன், மக்கள்தொகை டேபிளையும் எல்லைக்கோட்டு ஃபைலையும் பேரை வச்சு இணைச்சேன். டவுன் ஜனம் மொத்தமும் கிராமத்துல போய் உக்காந்துடுச்சு. அதைப் பாத்துட்டு "காட்டோரம் அடர்த்தியான கிராமங்கள்"னு ஒரு பாரா வேற எழுதினேன், கர்மம். 500 காப்பி அடிச்சப்புறம் போலந்துக்காரர் ஒருத்தர் "இத்தனை பேர் எங்கேருந்துய்யா வந்தாங்க"ன்னு கேட்டாரு. திரும்ப அடிச்ச காசு என் பாக்கெட்லேருந்துதான் போச்சு.

பேரைத் தொடாதீங்க, டெரிட் கோடு (code), அதாவது போலந்துல ஒவ்வொரு நிர்வாகப் பகுதிக்கும் இருக்கற எண், அதை வச்சு இணைங்க. 7 இலக்கம், கடைசி இலக்கம் 1னா நகரம், 2னா கிராமம், 3னா ரெண்டும் கலந்தது (இந்தக் கவுண்டில க்லெஷ்செலெ மட்டும்தான் அப்படி). நாலாவதா அதே பேர்ல ஒரு வனக்கோட்டமும் இருக்கு, அதோட எல்லை க்மினா எல்லை கிடையாது. பார்டரோட ரெண்டு பக்கமும் இருக்கற பியாவோவியெஜா காடு முழுக்க தேசியப் பூங்கான்னும் எழுதிடாதீங்க, போலந்துப் பக்கத்துல ஆறுல ஒரு பங்குதான் பூங்கா, மிச்சத்துல பெரும்பகுதி அரசு வனத்துறை கைல.

முன்னாடி வர்ற பூஜ்யம்

சில மாகாணங்களோட டெரிட் கோடு பூஜ்யத்துல ஆரம்பிக்கும், அந்தப் பூஜ்யத்தை எக்செல் முழுங்கிடும். கோடு இருக்கற நெடுவரிசையை (column) டெக்ஸ்ட்டா வைங்க.

ஸ்டாரொஸ்டான்னா கலெக்டர் இல்ல

ஸ்டாரொஸ்டாங்கறவர் கவுண்டித் தலைவர், தமிழ்ல எழுதறவங்க முக்காவாசிப் பேர் கலெக்டர்னு போட்டுடறாங்க. கலெக்டரை அரசாங்கம் நியமிக்குது, ஸ்டாரொஸ்டாவை கவுண்டி கவுன்சில் தேர்ந்தெடுக்குது. பிரதமர் நியமிக்கற ஆள் மாகாணத்துல இருக்கற வொயெவோடா. கிராம க்மினாத் தலைவர் வூயிட், அவரை 2002லேருந்து ஜனங்களே நேரடியா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கறாங்க, அதனால அவர் ஸ்டாரொஸ்டாவுக்குக் கீழ வேலை பாக்கற ஆள் இல்ல. வண்டி ரெஜிஸ்ட்ரேஷன், லைசென்ஸ், மேல்நிலைப் பள்ளி எல்லாம் கவுண்டி. ஆரம்பப் பள்ளி, தண்ணி, குப்பை க்மினா. க்மினாவுக்குள்ள இருக்கற கிராமத்துக்கு சோவ்திஸ்னு ஒருத்தர், அவரைப் பஞ்சாயத்துத் தலைவர்னு எழுதினா அதுவும் ஓவர்.

பழைய மேப்

1975ல கவுண்டியையே கலைச்சுட்டு 1999லதான் திரும்பக் கொண்டாந்தாங்க. நடுவுல வந்த மேப்ல தேடாதீங்க.

அந்த ரெண்டு பேர்ட்ட இதெல்லாம் சொல்லியாச்சு. அவங்க மேப்ல கிராம க்மினா இன்னும் 20,000 பேரோட செக்கச்செவேல்னுதான் இருக்கு, கேட்டா சாஃப்ட்வேர் அப்படித்தான் காட்டுதாம்.